தனக்காவா, ஃபவுண்டேஷனா? ஐம்பதைக் கடந்த முகத்துக்கு ஓர் ஒப்பீடு

வருகிற தை மாதம் என் அக்கா மகளுக்கு யாங்கூனில் கல்யாணம். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் முடிவான பிறகு, வீட்டிலிருக்கும் ஐம்பதைக் கடந்த பெண்கள் மூவருக்கும் ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. அன்றைக்கு முகத்துக்கு என்ன பூசிக்கொள்வது? எனக்கு 57 வயது, மதினிக்கு 61, பெரியம்மாவுக்கு 74. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அனவ்ரதா வீதியை ஒட்டிய மதினி வீட்டு மாடியில் பாயை விரித்து, எங்களிடம் இருந்ததையெல்லாம் பரப்பி வைத்தோம். பர்மாவில் உரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்ளும் தனக்கா மரத்தின் கட்டை ஒன்று, அதை உரைக்கும் கல், ஒரு பவுடர் டப்பா, கல்யாணப் பெண் கொண்டுவந்து கொடுத்த கொரிய குஷன் காம்பேக்ட், நிறம் கலந்த சன்ஸ்கிரீன் ஒன்று, கண் மை, லிப்ஸ்டிக் இரண்டு. ஒவ்வொன்றையும் கன்னத்தில் பூசி, ஜன்னலோரம் போய் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்து வாய்விட்டுச் சிரித்தபடியே மாலை வரை இருந்தோம். அன்று கண்டதையும், அதற்கு முன்னும் பின்னும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, எங்கள் வயதுப் பெண்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எதைப் பூசுவது என்று முடிவெடுக்கும் முன், வயதாகும்போது முகத்தில் உண்மையில் என்ன மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளுக்குள் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எண்ணெய்ச் சுரப்பும் அதே காலத்தில் குறைவதால், இருபது வயதில் எண்ணெய் வழிந்த நெற்றி இப்போது குளித்து அரை மணி நேரத்தில் இழுத்துப் பிடிக்கிறது. வெயில் பட்ட இடங்களில் கரும்புள்ளிகளும், கன்னமேட்டில் மங்கு என்னும் கருமைத் திட்டும் படிகின்றன. இவையெல்லாம் நாம் எல்லோரும் கவனிப்பவை. நாம் அதிகம் கவனிக்காத மாற்றம் ஒன்று உண்டு. உதடு, புருவம், கண்ணின் விளிம்பு ஆகியவற்றின் நிறத்துக்கும் அவற்றைச் சுற்றியுள்ள தோலின் நிறத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வருகிறது. உதட்டின் சிவப்பு மங்குகிறது, புருவ முடி மெலிகிறது, நரைக்கிறது. முகம் களைத்துப்போனதாகத் தோன்றுவதற்குச் சுருக்கத்தைவிட இந்த மங்கலே பல நேரம் காரணமாக இருக்கிறது. ஆனால் நாம் பணம் செலவழிப்பதெல்லாம் சுருக்கத்தை மூடுவதற்குத்தான்.

யாங்கூனின் தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரலில் வெயில் 37 டிகிரியைத் தொடும். மே மாத நடுவில் தொடங்கும் மழை அக்டோபர் வரை விடாது. கல்யாணம் வைத்திருக்கும் தை மாதமோ குளிர்ந்து வறண்ட பருவம், எங்கள் வயதுத் தோல் மிகவும் காய்ந்துபோகும் காலம். ஆகவே ஒரே பொருள் ஆண்டு முழுவதற்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. நான் ஒவ்வொரு பொருளையும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்த்தேன். தோலுக்கு நன்மையா, தீமையா என்பது ஒன்று. அதைப் பூசிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டில் மனம் இலேசாக இருக்க முடியுமா, அதாவது கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காமல் சிரிக்கவும், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும், பெண்ணை அனுப்பிவைக்கும்போது அழவும் முடியுமா என்பது மற்றொன்று.

தனக்காவிலிருந்து தொடங்குகிறேன், இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் முதலில் கைக்கு வருவது அதுதான். ஷ்வேபோ, ஷின்மதௌங் ஆகிய இரண்டு பக்கத்துக் கட்டைகளுக்கும் பெயர் அதிகம், எது மணத்தில் உயர்ந்தது என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது இந்த மரம். தமிழ்நாட்டில் இதை மகாவில்வம் என்பார்கள், சிவன் கோயில்களில் இதன் இலையை அர்ச்சனைக்கு வைப்பார்கள். நம் முன்னோர் கோயிலில் கண்ட மரத்தின் பட்டையைத்தான் பர்மாவுக்கு வந்து கன்னத்தில் பூசத் தொடங்கினார்கள் என்பதை நான் மிகவும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நல்ல கட்டை வேண்டுமானால் மரத்துக்குக் குறைந்தது 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது இங்குள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

தனக்கா உரைப்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கல் வட்டமாக, சப்பாத்திக் கல்லைவிடத் தடிமனாக இருக்கும், ஓரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். கல்லில் இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் விட்டு, கட்டையின் பட்டைப் பக்கத்தை வைத்து வட்டமாக உரைத்தால், முதலில் தண்ணீர் கலங்கும், பிறகு பால் போலாகும், அதன்பின் சந்தனத்தைவிட வெளிறிய மஞ்சளில் விழுது திரண்டு வரும். மிகுந்த தண்ணீர் வாய்க்காலுக்கு வடிந்துவிடும். விழுதை விரலால் வழித்துக் கன்னத்தில் வைத்த கணமே குளிர்ச்சி தெரியும். ஐந்து நிமிட வேலை. வேதிப்பொருள் எதுவும் கலக்காத இந்த விழுது தோலை இறுக்கும், எண்ணெயை உறிஞ்சும், வேர்க்குருவை அடக்கும். பட்டையில் இருக்கும் மார்மெசின் என்ற பொருளுக்குப் புற ஊதாக் கதிரை ஈர்க்கும் தன்மை உண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அதை வைத்துக்கொண்டு சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று சொல்வது தவறு. கன்னத்தில் வட்டமாகப் பூசும் தனக்கா நெற்றியையும் மூக்கையும் கழுத்தையும் காக்காது, காய்ந்து உதிர்ந்த இடத்தையும் காக்காது.

எங்கள் வயதுக்குத் தனக்காவிடம் உள்ள குறை, அது எண்ணெயை உறிஞ்சுவதுதான். மழைக்காலத்தில் இதமாக இருக்கும் அதே விழுது, மார்கழி, தை மாதங்களில் காய்ந்து, கண்ணோரத்திலும் வாயோரத்திலும் வெடித்துக் கோடு கோடாக நிற்கும். அன்று மதினியின் முகத்தில் அதைத்தான் பார்த்தோம். முதலில் ஈரப்பதக் கிரீம் தடவி, பத்து நிமிடம் விட்டு, கண்ணோரத்தை விலக்கிக் கன்னத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. டப்பாவிலும் குழாயிலும் விற்கும் தயார் தனக்காவில் வாசனையும் கெடாமல் வைக்கும் பொருள்களும் சேர்த்திருப்பார்கள். பயணத்துக்கு அது வசதிதான், ஆனால் எளிதில் அரிக்கும் தோல் உள்ளவர்களுக்குக் கட்டையே பாதுகாப்பு.

குறையைச் சொல்லிவிட்டேன், இனி நான் தனக்காவை ஏன் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் அப்பத்தா முப்பத்தைந்து வயதில் விதவையானவர். பொட்டை அழித்தார், பூவை விட்டார், மஞ்சள் தேய்த்துக் குளிப்பதையும் விட்டார். ஊர் அப்படி எதிர்பார்த்தது, அவரும் மறுக்கவில்லை. ஆனால் தனக்காவுக்கு எந்தச் சாத்திரத்திலும் தடை எழுதியிருக்கவில்லை. பர்மியரிடையே கைக்குழந்தைக்கும் பூசுவார்கள், பள்ளிக்கூடம் போகும் பையனுக்கும் பூசுவார்கள், கணவனை இழந்த கிழவியும் பூசிக்கொள்வாள். அப்பத்தாவும் தினமும் காலையில் நெற்றிக்குத் திருநீறு இட்டு, கன்னத்துக்குத் தனக்கா பூசிக்கொண்டு, சாகும் வரை அந்த முகத்தோடு இருந்தார். 1964-இல் கடைகள் அரசுடைமையாகி, சொந்தக்காரர்கள் பலர் கப்பலேறித் தமிழ்நாடு போனபோது, தங்கள் தனக்காக் கல்லை மடியில் வைத்துக் கொண்டுபோனவர்களும் உண்டு என்று அப்பத்தா சொல்வார். ஒரு பெண் அழகுபடுத்திக்கொள்வதற்குப் பிறர் அனுமதியைக் கேட்க வேண்டியிருந்த காலத்தில், தனக்கா மட்டும் எவரையும் கேட்கச் சொல்லவில்லை. அதோடு, பூசியிருப்பது வெளிப்படையாகத் தெரியும் பூச்சு இது. எதையும் மறைப்பதாக அது பாவனை செய்வதில்லை. உதிர்ந்தால் வெட்கமில்லை, வியர்த்தால் கவலையில்லை. நான் கேட்ட இரண்டாவது கேள்விக்குத் தனக்காவைப் போல முழுமையாகப் பதில் சொன்ன பொருள் வேறெதுவும் இல்லை.

பவுடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் அம்மாக்களின் கல்யாணப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது, அந்த வாசனைக்கு என் மனம் இன்றும் இளகும். ஆனால் வறண்ட தோலில் பவுடர் சுருக்கங்களுக்குள் இறங்கி அவற்றைக் கோடு போட்டுக் காட்டுகிறது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது சாம்பல் பூசியதைப் போல நிற்கிறது. பவுடரில் சேரும் டால்க் என்னும் மாவுக்கல் அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் வகைப்படுத்தியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஐம்பதுக்கு மேல் முகத்துக்குப் பவுடர் போடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. மூக்கு நுனியில் எண்ணெய் மின்னினால் மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்தால் போதும்.

தோலின் நிறத்தைச் சீராகக் காட்டப் பூசும் ஃபவுண்டேஷனுக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதைச் சொல்லாமல் நியாயமாக ஒப்பிட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெருங்கிய உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக நகரத்திலுள்ள ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். என் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷனைத் தடிமனாகப் பூசி, அதன்மேல் பவுடரும் போட்டு அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று நம்பினேன். முகூர்த்தம் முடிவதற்குள் வாயின் இரு பக்கமும் பூச்சு பிளந்துவிட்டது. புகைப்படத்தில் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அதைவிட எனக்கு வலித்தது வேறு. அன்று முழுவதும் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். என் தோழி பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்தால் வெடிக்கும் என்று பயந்து நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தோழி அடுத்த ஆண்டு மலேசியாவுக்கு மகனோடு போய்விட்டாள். அந்த ஒரு நாளை நான் பூச்சுக்குப் பலி கொடுத்துவிட்டேன் என்று இன்றும் தோன்றும்.

இதற்காக ஃபவுண்டேஷனையே ஒதுக்கிவிட முடியாது. குற்றம் பொருளிடம் பாதி, பூசிய விதத்தில் பாதி. பளபளப்பில்லாமல் காய்ந்து நிற்கும் வகை எண்ணெய்ப்பசை உள்ள இளம் தோலுக்காகச் செய்யப்பட்டது, எங்களுக்கு அது ஆகாது. ஈரத்தன்மை உள்ள, மெல்லியதாகப் பரவும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஹயலூரானிக் அமிலமோ கிளிசரினோ சேர்ந்திருந்தால் நல்லது. நிறத்தைப் புறங்கையில் பூசிப் பார்க்கக் கூடாது. தாடை எலும்பின் மேல் ஒரு கோடு இழுத்து, பகல் வெளிச்சத்தில் அது கழுத்தோடு கரைகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் நம் ஊரில் மங்கிய விளக்கடியில் நிறம் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் அதிகம், ஆகவே கடைக்குப் பகலில் போய் வாசலுக்கு வந்து பார்க்கச் சொல்வேன். சந்தைக்கு வரும் கொரிய, தாய்லாந்து, சீனச் சரக்குகளில் பெரும்பாலும் வெளிர் நிறங்களே இருப்பதால், நம் நிறத்துக்கு ஏற்றது கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் வாங்காமல் திரும்புவதே மேல். ‘கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் பரவாயில்லை, எடுப்பாக இருக்கும்’ என்று கடைக்காரப் பெண் சொல்வதை மட்டும் கேட்க வேண்டாம்.

கல்யாணப் பெண் கொண்டுவந்த குஷன் காம்பேக்ட், 2008-இல் கொரியாவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த வகை. நுண்துளைப் பஞ்சில் ஊறிய திரவத்தை மெத்தையால் ஒற்றி எடுத்து முகத்தில் தட்டித் தட்டி வைப்பது. வறண்ட தோலில் இது சாதாரண ஃபவுண்டேஷனைவிட அழகாகப் படிகிறது என்பதை மூவரும் ஒப்புக்கொண்டோம். ஆனால் நிறம் வெளுப்பு. ஜன்னலோரம் நின்ற மதினியைப் பார்த்து, “மதினி, யாரோ பக்கத்து வீட்டு அம்மா வந்திருக்காங்கன்னு நெனச்சேன்” என்று நான் சொன்னபோது, அவரே முதலில் சிரித்தார். முகம் முழுவதும் பூசாமல், கண்ணுக்குக் கீழும் கரும்புள்ளிகளின் மேலும் மட்டும் நம் நிறத்திலுள்ள திரவத்தைத் தொட்டு வைத்து, ஈரப் பஞ்சால் ஓரங்களைக் கரைப்பதே சரியான முறை. மற்ற இடத்தில் தோல் தோலாகவே தெரியட்டும். வெயில் காப்புக்காகத் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் அதிகமாகச் சேர்த்த பூச்சுகள் புகைப்பட ஃபிளாஷில் வெள்ளையடித்துக் காட்டும், ஆகவே கல்யாணத்துக்குப் போடுவதை முன்கூட்டியே ஒரு முறை ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

நிறம் கலந்த சன்ஸ்கிரீனை நான் இந்த வரிசையில் தனக்காவுக்கு அடுத்தபடியாக வைக்கிறேன். அன்றாடத்துக்கு என்றால் அதற்கே முதலிடம். தோலை மூப்படையச் செய்வதில் யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. அது சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியாகவும் பஸ் கண்ணாடி வழியாகவும் உள்ளே வருகிறது. வெயில் காப்பின் அளவைச் சொல்லும் எஸ்.பி.எஃப். எண் 30 உள்ள சன்ஸ்கிரீன், தோலைச் சுடும் யு.வி.பி. கதிரில் 97 சதவீதத்தையும், 50 உள்ளது 98 சதவீதத்தையும் தடுக்கும் என்பதால், அந்த எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதைவிட அளவாகப் பூசுவதும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதும்தான் முக்கியம். ஆட்காட்டி விரலும் நடு விரலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். நிறம் கலந்ததைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் மங்கைக் கருக்கச் செய்வதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு. சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. நிறம் கலந்ததிலுள்ள இரும்பு ஆக்சைடு தடுக்கிறது. அதே இரும்பு ஆக்சைடு முகத்துக்கு நம் மண்ணின் நிறத்தையும் கொடுப்பதால், வெள்ளைப் படலம் தெரியாது, புள்ளிகளும் ஓரளவு மங்கித் தெரியும். எங்கள் மூவரில் மங்கு அதிகம் உள்ளவள் நான். காலையில் கோயிலுக்கும் கடைக்கும் போகும் எனக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை.

முகத்தை வெள்ளையாக்கும் கிரீம்களை நாங்கள் பாயில் வைக்கவே இல்லை. ஆயினும் அவற்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நம் பெண்கள் எந்த வயதிலும் இவற்றுக்கு ஆசைப்படுகிறார்கள், சந்தையில் பெயரில்லாத டப்பாக்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. இவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பது உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு முதல் மாதம் முகத்தைப் பளபளவென்று காட்டி, பிறகு ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலியவைத்து, நிறுத்தினால் சிவந்து எரியவைக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கையின்படி 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020-உடன் நிறுத்த வேண்டும் என்றிருந்தது, 2023-இல் அந்த வரம்பையும் நீக்கி, 2025-க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எந்த அழகுப் பொருளையும் செய்யவே கூடாது என்று முடிவெடுத்தார்கள். இந்தக் கிரீமை வேறெதனோடும் ஒப்பிட ஒன்றுமில்லை. கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டும்.

இனி நிறம் சேர்ப்பவை. முகத்தின் மங்கலைப் பற்றி மேலே சொன்னது இங்கேதான் பயன்படுகிறது. புருவத்துக்குப் பழுப்பு நிறப் பென்சிலால் முடி இல்லாத இடத்தில் மட்டும் சிறு சிறு கீறல்களாக இழுத்து, உதட்டுக்கு மெரூன் அல்லது செங்கல் நிறத்தில் ஈரத்தன்மையுள்ள லிப்ஸ்டிக் போட்டுப் பார்த்தபோது, வேறு எதுவும் பூசாமலே மதினியின் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை அது. நாற்பது நிமிட ஃபவுண்டேஷன் செய்யாததை அது செய்தது. காய்ந்து நிற்கும் லிப்ஸ்டிக் உதட்டு வெடிப்புகளில் தங்கும், ஆகவே அதைத் தவிர்க்க வேண்டும். கண் மையை இமைக்குள் இழுக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இந்த வயதில் கண் வறட்சி பலருக்கும் வருகிறது, மையும் எளிதில் கீழே இறங்கிக் கருவளையம் போலாகிறது. மேல் இமை முடியோரத்தில் மெல்லிய கோடு போதும். சுர்மா என்று பொடியாக விற்பவற்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம். நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை குறைவதால், பெரிதாக்கிக் காட்டும் சிறு கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் கோணல் கோடுகள் நேராகும். மஸ்காரா திறந்து மூன்று மாதமானால் மாற்றிவிட வேண்டும். மற்றப் பொருள்களின் அடியில் திறந்த டப்பாவின் படத்தோடு 12 என்று போட்டிருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பொருள்.

பொட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகத்துக்கு மையம் கொடுக்கும் நகை அது, எழுபது வயதிலும் இருபது வயதில் போலவே பொருந்தும். ஆனால் ஸ்டிக்கர் பொட்டின் பசையில் சேர்க்கும் ஒருவகை ஃபீனால், சிலருக்கு நெற்றியில் வட்டமான வெள்ளைத் தழும்பை உண்டாக்கிவிடுகிறது. அரிப்போ வெளுப்போ தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த பழைய குங்குமத்துக்குத் திரும்ப வேண்டும். கணவரை இழந்தவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு, வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்கிறேன். அப்பத்தாவின் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

தலைச்சாயம் தனிக்கதை. பெரும்பாலான கறுப்புச் சாயங்களில் உள்ள பி.பி.டி. என்ற பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தருவதால், 48 மணி நேரத்துக்கு முன் காதின் பின்புறம் தொட்டு வைத்துச் சோதித்துவிட வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்லி நிறுத்துகிறேன்.

ஒன்றுமே பூசாமல் போவதும் ஒரு தேர்வுதான். அதைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன். ஈரப்பதக் கிரீமும் சன்ஸ்கிரீனும் போட்டு, தலையில் பூ வைத்து, நல்ல பட்டுப் புடவை கட்டி வருபவர் முகத்தில் குறை எதுவும் தெரிவதில்லை. எனக்கு நிறங்கள் பிடிக்கும் என்பதால் அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவே.

மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிவுக்கு வந்தோம். கல்யாணத்தன்று மதினி, கன்னத்திலுள்ள நான்கு புள்ளிகளின் மேல் மட்டும் தன் நிறத்து ஃபவுண்டேஷனைத் தொட்டு வைத்து, மெரூன் லிப்ஸ்டிக் போடுவார். குஷன் காம்பேக்டை கல்யாணப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. நான் நிறம் கலந்த சன்ஸ்கிரீனும் புருவப் பென்சிலும் செங்கல் நிற லிப்ஸ்டிக்கும் வைத்துக்கொண்டேன். அழகு நிலையத்துக்குப் பேசியிருந்த நேரத்தை மூவருக்கும் ரத்து செய்துவிட்டோம்.

பெரியம்மா கடைசி வரை எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எனக்கு முதல்நாள் ராத்திரிக்கும் தனக்கா, கல்யாணத்துக்கும் தனக்கா” என்றார். பேத்தி ஓடிப்போய் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துவந்து, இங்குள்ள பிள்ளைகள் செய்வதைப் போல, ஈரமான விழுதின் மேல் இழுத்து இழுத்து அவர் கன்னத்தில் ஓர் அரசிலையை வரைந்தாள். சுருக்கங்களின் வழியே இலையின் நரம்புகள் ஓடின. பெரியம்மா சிறு கண்ணாடியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இந்தப் பக்கம் காம்பைக் காணோமே, ஆத்தா” என்று மற்றக் கன்னத்தைப் பேத்தியிடம் காட்டினார். கட்டை தேய்ந்து சிறுத்துவிட்டதால், வரும் சனிக்கிழமை காளி கோயிலுக்குப் போகும்போது பக்கத்திலுள்ள தெயின்ஜி சந்தையில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். நல்ல வெளிச்சம் இருக்கும்போதே போக வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.